மண் டிராக்குக்கு ஒரு பழைய ஸ்விஃப்ட்: கையிருப்புக்கு ஏற்ற சஸ்பென்ஷன் எது?

பழைய ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கி மண்ணில் ஓட்டிப் பார்க்கலாம் என்று இறங்குகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் முதலில் கேட்பது, "கோய்லோவர் போட்டுரலாமா?" என்றுதான். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்து, உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய செட் அது. இப்போதைக்கு வேண்டாம் என்பது என் பதில். அந்தக் காசை வேறு எங்கே போட்டால் நேரம் குறையும், எங்கே போட்டால் கார் பார்க்க மட்டும் மிரட்டலாக இருக்கும் என்பதை ஒவ்வொரு வழியாக எடுத்துப் பார்ப்போம்.

காரை முதலில் முடிவு செய்துகொள்வோம். 2005ல் இந்தியாவில் வந்த முதல் தலைமுறை ஸ்விஃப்ட், 1.3 லிட்டர் பெட்ரோல், 87 குதிரைத்திறன், ஒரு டன்னை ஒட்டிய எடை. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் வேகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உடைந்தால் திங்கட்கிழமை எந்த ஊரிலும் பார்ட்ஸ் கிடைக்கும் என்பதுதான். முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே கூட்டாக), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுகிக்கொடுக்கும் தண்டு). பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. இங்கே ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவை இதே அமைப்புதான், அதனால் ஐ20, போலோ வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

இன்னொன்று, எந்த மாதிரி ஓட்டத்துக்கு? 1967ல் இங்கிலாந்தின் லிடன் ஹில்லில் தொடங்கிய ராலிகிராஸில் தார் பாதி, மண் பாதி, பல கார்கள் ஒரே நேரத்தில் முட்டி மோதி ஓடும். நம் ஊரில் கைக்கு எட்டுவது மண் ஆட்டோகிராஸ்: கோன் வைத்த பாதை, கடிகாரத்தோடு போட்டி, ஒரு சுற்று ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். தார் இல்லாததால் காரைத் தாழ்த்த வேண்டிய அவசியமே இல்லை. சுற்று சின்னது என்பதும் செலவுக் கணக்கை மாற்றுகிறது, அதற்குப் பிறகு வருகிறேன். காலையில் சமமாக இருக்கும் மைதானம் முப்பது நாற்பது கார் ஓடிய பிறகு வளைவுகளில் பள்ளமும், பிரேக் பிடிக்கும் இடங்களில் அலை அலையாக மேடும் விழுந்து கிடக்கும். சஸ்பென்ஷனை அந்த மதியத்துத் தரைக்குத்தான் தயார் செய்ய வேண்டும்.

காசு செலவழிக்கும் முன் நீங்கள் ஓடப்போகும் வகுப்பின் விதிப்புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். எஃப்.எம்.எஸ்.சி.ஐ (இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு) அனுமதி பெற்ற போட்டி என்றால் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று வகுப்புக்கு வகுப்பு எழுதி வைத்திருப்பார்கள். ஆர்வத்தில் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு, அதனாலேயே மேல் வகுப்பில் தள்ளப்பட்டு, முழு ராலி கார்களோடு ஓட வேண்டி வந்தால் அந்த ஸ்பிரிங்கால் என்ன பயன்?

முதல் வழி: இருப்பதைப் புதிதாக்குவது

யாருக்கும் பிடிக்காத வழி இது. ஆனால் பதினைந்து வயது காரில் இதைத் தாண்டிப் போகவே முடியாது. சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருக்கும், பால் ஜாயிண்ட் ஆடும், ஸ்ட்ரட் மவுண்ட் ரப்பர் கல்லாகியிருக்கும், ஷாக்கில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கும். இவ்வளவையும் அப்படியே விட்டுவிட்டு மேலே எந்த விலையுயர்ந்த பொருளைப் போட்டாலும் ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் சக்கரம் திரும்புவதற்கும் நடுவே ஒரு இழுபறி இருந்துகொண்டே இருக்கும்.

நான்கு ஷாக், இரண்டு மவுண்ட், பேரிங், புஷ், பால் ஜாயிண்ட், லிங்க் ராடு என்று தரமான கம்பெனிப் பொருளாகவே வாங்கினாலும் கூலியோடு இருபதாயிரத்தை ஒட்டித்தான் வரும். ஊருக்கும் கடைக்கும் கொஞ்சம் ஏறி இறங்கலாம். இந்த இருபதாயிரத்துக்குக் கிடைக்கும் முன்னேற்றத்தை அடுத்த எண்பதாயிரம் தருவதில்லை.

ஷாக் போய்விட்டதா என்று பார்க்க பானட்டை அமுக்கிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. மண்ணில் ஓடுகிறவனுக்கு அதைவிட நம்பகமான ஒரு வழி இருக்கிறது. ஒரு ரன் முடிந்து வந்ததும் கீழே கைவிட்டு நான்கு ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள். சக்கரத்தின் ஆட்டத்தை வெப்பமாக மாற்றுவதுதான் அதன் வேலை. மூன்று சுடுகிறது, ஒன்று மட்டும் சில்லென்று இருக்கிறது என்றால் அந்த ஒன்று செத்துவிட்டது. சைலன்சர் குழாயில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங்கில் கை வைப்பது

அடுத்து, பட்டறையில் கேட்காமலேயே கிடைக்கும் யோசனை. "அண்ணா, ஒரு சுத்து வெட்டி விட்டா வண்டி கும்முனு நிக்குமுங்க." நிற்கும்தான், மறுப்பதற்கில்லை. சுருள் ஸ்பிரிங்கின் கடினம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு நேர் எதிர். ஐந்து சுற்றில் ஒன்றை வெட்டினால் மிச்சம் நான்கு, கடினம் 25 சதவீதம் ஏறும். அதே நேரத்தில் கார் கீழே இறங்கும். ஸ்விஃப்ட்டுக்குத் தரையிலிருந்து இருப்பதே 170 மில்லிமீட்டர்தான், மண் டிராக்கில் அதில் ஒரு மில்லிமீட்டரைக்கூட விட்டுக்கொடுக்க முடியாது. பின்பக்கம் ஆபத்து இன்னும் அதிகம். டார்ஷன் பீமில் ஸ்பிரிங் இரண்டு கிண்ணங்களுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருக்கிறது. வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கும்போது குட்டையான ஸ்பிரிங் இடம் நழுவும். கேஸ் வைத்து வெட்டியிருந்தால் சூடு பட்ட இடத்தில் கம்பி பதம் கெட்டு அங்கேயே முறியும். தாழ்த்துவது தார் ரோட்டுக்காரர்களின் ஆசை, அதை அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

அடுத்து ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர். ஆக்சஸரீஸ் கடையில் ஜோடியாகத் தொங்கும், "கிரவுண்ட் கிளியரன்ஸ் ஏறும்" என்று சொல்லி விற்பார்கள். உண்மையில் அது ஒரு சுற்றை வேலை செய்யவிடாமல் கட்டிப்போடுகிறது. அதாவது வெட்டாமலேயே வெட்டின கணக்கு. கார் தாழாது என்பது மட்டும் லாபம். ரப்பருக்கு மேலும் கீழும் உள்ள சுற்றுகள்தான் மொத்தச் சுமையையும் வாங்குகின்றன. குடும்பத்தோடு ஊருக்குப் போகிற காருக்குச் சரி, பள்ளத்தில் குதிக்கிற காருக்கு நான் போடமாட்டேன்.

ஸ்பேசர் வைத்து உயர்த்துவதில் இரண்டு விதம் உண்டு, இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறவர்கள் அதிகம். ஸ்பிரிங்குக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே வைப்பது ஒன்று. ஸ்ட்ரட் மவுண்ட்டுக்கும் பாடிக்கும் நடுவே வைப்பது இன்னொன்று.

ஸ்பிரிங் இருக்கையில் வைத்தால் ஷாக்கின் மொத்த நீளம் மாறாது, கார் நிற்கும் இடம் மட்டும் மாறும். கணக்குக்கு மொத்த ஓட்டம் (ஷாக் அமுங்கி நீளும் தூரம்) 160 மில்லிமீட்டர், கார் நடுவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்: மேலே 80, கீழே 80. 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தால் மேட்டில் ஏற 105, பள்ளத்தில் இறங்க 55. அடி தட்டுவது குறையும், ஆனால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்குவதற்கு முன்பே ஷாக் முழுக்க நீண்டு 'டொக்' என்று இழுக்கும். இழுவைச் சக்கரம் காற்றில் சுற்றும்போது நேரம் போய்க்கொண்டே இருக்கிறது.

மவுண்ட்டுக்கு மேலே வைத்தால் ஷாக்கின் ஓட்டம் அப்படியே இருக்கும், சக்கரம்தான் பாடியை விட்டு இன்னும் கீழே போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முன்பக்கம் என்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் இருக்கிறதே! சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையில் அதன் மடங்கும் மூட்டான சி.வி. ஜாயிண்ட் ஏற்கெனவே கோணத்தின் எல்லைக்கு அருகில் இருக்கும். அதற்கு மேல் 25 மில்லிமீட்டர் இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கை ஒடித்துப் பிடித்து ஆக்சிலரேட்டரை அமுக்கினால் ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும், பிறகு ஜாயிண்ட்டே போகும். முன்னால் இந்த வித ஸ்பேசர் என்றால் பத்துப் பதினைந்து மில்லிமீட்டருக்கு மேல் போகவேண்டாம் என்பேன். பின்பக்கம் டிரைவ் ஷாஃப்ட் இல்லை, கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். பிரேக் ஹோஸும் ஹேண்ட்பிரேக் கேபிளும் இழுபடுகிறதா என்று காரை ஜாக்கியில் தூக்கிப் பார்த்துக்கொண்டால் போதும்.

மாற்று ஸ்பிரிங் போடுவது இந்த எல்லா வித்தையையும்விட நேர்மையான வழி. டீசல் ஸ்விஃப்ட்டின் முன் ஸ்பிரிங்கைப் பெட்ரோல் காரில் போடுவது பலரும் செய்வது. டீசல் என்ஜின் கனம், அதைத் தாங்கும் ஸ்பிரிங்கை இலேசான மூக்கின் கீழ் வைத்தால் கார் உயரும், கடினமும் ஏறும். பழைய இரும்புக் கடையில் பேசி வாங்கினால் செலவும் சொற்பம். ஆனால் முன்சக்கர இழுவைக் காரில் முன்பக்கத்தை மட்டும் கடினமாக்கினால் வளைவில் மூக்கு நேராக ஓடும், திரும்ப மறுக்கும். மண்ணில் இந்தக் கார்களுக்கு இருக்கும் முதல் நோயே அதுதான், அதற்குத் தீனி போடக்கூடாது. முன்னால் கடினம் ஏற்றினால் பின்னால் அதைவிடக் கூடுதலாக ஏற்ற வேண்டும். பின் ஸ்பிரிங் தனியாக இருப்பதால் அரை நாளில் கழற்றிப் போட்டுவிடலாம். கம்பியின் தடிமனைக் கொஞ்சமும் அலட்சியம் செய்யாதீர்கள். கடினம் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. கம்பி பத்து சதவீதம் தடித்தால் ஸ்பிரிங் கிட்டத்தட்ட 46 சதவீதம் கடினமாகும். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஸ்பிரிங்குகள் ஓட்டத்தில் வேறு வேறு கார் ஆகிவிடும். தடிமன் அளக்க வெர்னியர் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.

முன் ஸ்பிரிங்கைக் கழற்ற, அதை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் கட்டாயம். கயிறு கட்டி, நட்டைத் தளர்த்தி, "ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் தாடை போகும்.

ஷாக்கில்தான் விஷயம் இருக்கிறது

ஸ்பிரிங் காரைத் தாங்குகிறது, டயரைத் தரையோடு ஒட்டி வைப்பது ஷாக். கையில் இருக்கும் காசில் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மலிவான வழி, ஷாக் ரிப்பேர் கடையில் கொடுத்துக் கெட்டி எண்ணெய் ஊற்றி வாங்குவது. சாலையில் ஓடும் காரின் ஸ்ட்ரட் சீல் வைத்து மூடியது, அதைத் திறந்து, லேத்தில் மரை போட்டு, எண்ணெயை மாற்றி மூடுவார்கள். கையால் அமுக்கினால் கல் மாதிரி இருக்கும், மனசுக்குத் திருப்தியாகவும் இருக்கும். ஆனால் எண்ணெய் கெட்டியானால் அமுங்குவது மட்டுமில்லை, நீளுவதும் மெதுவாகிறது. அலை அலையான மேடுகளில் சக்கரம் ஒரு மேட்டில் அமுங்கி, திரும்ப நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். நாலைந்து மேட்டில் கார் படிப்படியாக இறங்கி பம்ப் ஸ்டாப்பில் (அமுங்கலின் கடைசியில் தடுக்கும் ரப்பர்) உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு சஸ்பென்ஷனே இல்லாத காரைத்தான் ஓட்டுகிறீர்கள். இந்த இறங்கலை வேகமாக ஓட்டுவதன் அறிகுறி என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. உள்ளே இருந்த வாயு அழுத்தமும் போயிருக்கும், எண்ணெய் நுரைக்கும்.

உள்ளே பிஸ்டனின் மேல் அடுக்கியிருக்கும் மெல்லிய தகடுகளை மாற்றி, அமுங்கும் விசையையும் நீளும் விசையையும் தனித்தனியாக அமைக்கத் தெரிந்தவர் கையில் கொடுப்பது வேறு கதை. கோயம்புத்தூர், சென்னைப் பக்கம் ராலி கார் தயார் செய்கிறவர்களிடம் விசாரித்தால் வழி தெரியும். வேலை தெரிந்தவரா என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: "காரோட எடை எவ்வளவு, ஸ்பிரிங் எது?" என்று அவர் உங்களிடம் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காமல் "டைட்டாப் பண்ணித் தரேன்" என்றால் அது எண்ணெய் மாற்றும் கடை.

புதிதாக வாங்குவதென்றால் கேஸ் அடைத்த ட்வின் ட்யூப் ஷாக் (குழாய்க்குள் குழாய்) ஒன்று, மோனோ ட்யூப் (ஒரே குழாய்) இன்னொன்று. மோனோ ட்யூப் உயர்ந்தது என்பது பொதுவான பேச்சு. வெப்பத்தைச் சீக்கிரம் வெளியேற்றும், நீண்ட ஓட்டத்தில் தளராது, உண்மைதான். இங்கேதான் சின்னச் சுற்றின் கணக்கு வருகிறது. நாம் ஓடுவது ஒன்றிரண்டு நிமிடம், அதன் பிறகு வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் எல்லாம் ஆறிவிடும். முப்பது கிலோமீட்டர் ராலி ஸ்டேஜில் தேவைப்படும் அந்த வெப்பத் தாங்குதிறனுக்கு இங்கே வேலையே இல்லை. போதாக்குறைக்கு, மோனோ ட்யூப்பில் பிஸ்டன் வெளிச்சுவரையே உரசி ஓடுகிறது. கல் தெறித்து ஒரு நசுங்கல் விழுந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ட்வின் ட்யூப்பில் வெளிக்குழாய் லேசாக நசுங்கினாலும் உள்குழாய் பாட்டுக்கு வேலை செய்யும். ஆகவே நல்ல கம்பெனியின் கேஸ் ட்வின் ட்யூப் செட் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக ஓடலாம்.

இதோடு கூடவே பம்ப் ஸ்டாப்பைப் பாருங்கள். கம்பெனியிலிருந்து வந்தது பெரும்பாலும் பொடிந்து கொட்டியிருக்கும். நீளமான, மெதுவாக இறுகும் பாலியூரித்தேன் ரகம் போட்டால் கார் அடி தட்டும் அந்தக் கடைசி அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். ஸ்ட்ரட் தண்டு வளைவதும், ஸ்ட்ரட்டின் மேல்முனை மாட்டும் ஸ்ட்ரட் டவரின் தகடு மேலே பிதுங்குவதும் இந்தச் சின்னப் பொருள் இல்லாததால்தான் பாதி நேரம் நடக்கிறது.

கோய்லோவர் ஆசை

தைவான், சீனத் தயாரிப்பு கோய்லோவர் செட் இறக்குமதி வரியோடு ஒரு லட்சத்தை ஒட்டி வருகிறது. உயரத்தை மாற்றலாம், ஷாக்கின் கடினத்தை மாற்ற முப்பது கிளிக் இருக்கிறது, கலர் நன்றாக இருக்கிறது. இவை தார் ரோட்டில் காரைத் தாழ்த்துவதற்காகச் செய்தவை. ஷாக் உடம்பு குட்டை, ஓட்டம் குறைவு, ஸ்பிரிங் மிகக் கடினம். நமக்கு வேண்டியதோ நீண்ட ஓட்டமும் இளகிய ஸ்பிரிங்கும். முழு உயரத்துக்குத் திருகி ஏற்றினாலும் பள்ளத்தில் இறங்குவதற்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. அந்த முப்பது கிளிக்கும் பல செட்டுகளில் அமுங்குவதையும் நீள்வதையும் சேர்த்தே மாற்றுகின்றன, கெட்டி எண்ணெய்க்குச் சொன்ன அதே குறைதான். சேறும் மணலும் மரையில் இறுகிய பிறகு அடுத்த சீசனில் அதைத் திருகவும் முடியாது.

இதே காசுக்கு, ராலி ஓடி முடித்த காரிலிருந்து கழற்றி விற்கும் ஷாக் செட் கிடைத்தால் அதைப் பரிசீலிக்கலாம். அது மண்ணுக்கென்றே செய்தது. தண்டின் குரோம் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டினால் சீல் நிற்காது. தண்டை முழுக்க இழுத்துச் சுழற்றுங்கள், ஆடினால் வளைந்திருக்கிறது. சீல் கிட் நாட்டுக்குள் கிடைக்குமா என்று கேளுங்கள். வேறு மாடலின் ஸ்ட்ரட் என்றால் கீழே நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டு) மாட்டும் பிராக்கெட்டை வெட்டி ஒட்ட வேண்டி வரும். அந்த வெல்டிங்கை நம்பி வேகம் எடுக்க எனக்குத் துணிச்சல் கிடையாது.

காசே கேட்காத வேலைகள்

முன் ஆன்டி ரோல் பாரின் (வளைவில் சாய்வைக் குறைக்க இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) லிங்க் ராடை இரண்டு பக்கமும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற எதையும் யோசிக்க வேண்டும். கார் கூடுதலாகச் சாயும், பயப்பட வேண்டாம். இடது, வலது சக்கரங்கள் ஒன்றையொன்று இழுக்காமல் தனித்தனியாகப் பள்ளத்தைத் தொடும், உள்பக்கச் சக்கரம் தரையைப் பிடிக்கும், மூக்கு திரும்பும். கழற்றிய பார் டிரைவ் ஷாஃப்ட்டில் உரசாதபடி கட்டிவையுங்கள். இதை மாருதி 800ல் செய்துவிடாதீர்கள். அந்தக் காரில் அதே கம்பிதான் லோயர் ஆர்மை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருக்கிறது, கழற்றினால் சக்கரத்துக்குப் பிடிமானமே போய்விடும்.

அலைன்மெண்ட்டில் முன்சக்கரங்களை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளிப்பக்கம் பார்க்க வைத்தால் வளைவில் நுழைவது சுறுசுறுப்பாகும், டயர் தேயும் என்பது தனிக் கதை. டயருக்கு 14 அங்குல ரிம்மோடு நில்லுங்கள். 165/80 அளவில் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டர் உயரம், அதுவும் சஸ்பென்ஷன்தான். பதினாறு அங்குல அலாய் போட்டு அந்த உயரத்தைத் தொலைத்துவிட்டு ஷாக்கைக் குறை சொல்வது நியாயமில்லை.

போட்ட ஷாக் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு கேபிள் டை போதும். பின் ஷாக்கின் தூசி உறையைத் தூக்கிவிட்டு, தண்டில் டையை இறுக்கி, உடம்பின் வாய்க்குத் தள்ளி வையுங்கள். ரன் முடிந்து பார்த்தால் அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியதோ அந்த இடத்தில் டை நிற்கும். பம்ப் ஸ்டாப்பைத் தொட்டு நசுங்கிக் கிடந்தால் பின்னால் உயரமோ கடினமோ போதவில்லை. பாதித் தண்டில் நின்றுவிட்டால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கடினம், இளகியதற்கு மாறலாம்.

கையில் எவ்வளவு?

இருபதாயிரம்தான் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை: புஷ், பால் ஜாயிண்ட், புது ஷாக், லிங்க் ராடு கழற்றல், அலைன்மெண்ட். நாற்பதாயிரம் இருந்தால் அதன்மேல் பின்னால் கடினமான ஸ்பிரிங், நல்ல பம்ப் ஸ்டாப், இன்ஜினுக்கு அடியில் தடித்த ஸ்கிட் பிளேட், மிச்சத்துக்கு எம்.ஆர்.எஃப். மண் டயர் ஒரு ஜோடி, முன்சக்கரங்களுக்கு. ஒரு லட்சம் இருப்பவர்கள் கோய்லோவரை மறந்துவிட்டு, தகடு மாற்றத் தெரிந்தவரிடம் போய் ஸ்ட்ரட்டைத் தன் காரின் எடைக்கு அமைத்துக்கொள்வதும், நான்கு டயரும் வாங்குவதும், மீதியைப் போட்டிக் கட்டணமாக வைப்பதும்தான் கெட்டிக்காரத்தனம். இந்த விளையாட்டில் ஓட ஓடத்தான் நேரம் குறைகிறது.

எந்தக் கணக்கிலும் ஒரு முன் ஸ்ட்ரட்டுக்குக் காசு ஒதுக்கிவிடுங்கள். ஸ்பிரிங், மவுண்ட், பேரிங் எல்லாம் பூட்டி முழுசாகத் தயாராக டிக்கியில் கிடக்கட்டும். மேலே மவுண்ட் நட்டுகள், கீழே நக்கிளில் இரண்டு போல்ட், பிரேக் ஹோஸ் கிளிப், அவ்வளவுதான். இரண்டாவது ரன்னில் வளைந்ததை மூன்றாவது ரன்னுக்குள் மாற்றி வரிசைக்குத் திரும்பிவிடலாம்.